இரண்டு அட்மிஷன், ஒரு கேள்வி

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, வசந்தி கையில் ஃபைலுடன் கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அக்கா, ரெண்டு யுனிவர்சிட்டில சீட் கெடச்சிருக்குங்க. எதுல சேரட்டும்? புதன்கிழமைக்குள்ள பதில் போடணும்."

வசந்தி நர்ஸ். முப்பது வயது. வடக்கனந்தலில் விவசாயக் குடும்பம். கல்வராயன் மலையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது கீழே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறாள். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு ஒருமுறை போன் செய்தவள், அப்படியே தங்கை ஆகிவிட்டாள். அந்த உரிமையில் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

அவள் படிக்க ஆசைப்பட்டது மருத்துவ மானுடவியலில் எம்.ஏ. அப்படியும் ஒரு படிப்பா? நானும் அதைத்தான் கேட்டேன். நோய் உடம்பை என்ன செய்கிறது என்று டாக்டர் படிக்கிறார். நோய் வந்த மனுஷி அதைப் பற்றி என்ன நினைக்கிறாள், எதற்குப் பயப்படுகிறாள், ஏன் மருந்து வேண்டாம் என்கிறாள்... அதைப் படிப்பது இது.

ஃபைலைப் பிரித்தேன். ஒன்று இங்கிலாந்தில், ஒரு வருடப் படிப்பு, முழு ஸ்காலர்ஷிப். இன்னொன்று ஐதராபாத்தில், இரண்டு வருடம்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? இங்கிலாந்து!" என்றேன். சொன்னதோடு விட்டேனா? லேப்டாப்பைத் திறந்து ரேங்க் பட்டியலைக் காட்டினேன். வசந்தியின் கணவர் முருகேசன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். சொந்தமாக ஜீப் ஓட்டுகிறவர். "நானும் அதத்தான் சொல்லிகினு இருக்கறங்க. ஒரு வருசம்தான? பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றார். பாப்பாவுக்கு ஆறு வயது.

வசந்தி மட்டும் தயங்கினாள். சேருவதற்கு முன் மாணவர்களுடன் பேச இரண்டு இடத்து ஆசிரியர்களும் அன்று மாலைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தன் வீட்டில் சிக்னல் சரியில்லை என்று என் வீட்டிலிருந்தே பேசினாள்.

இங்கிலாந்துப் பேராசிரியர் நல்ல மனிதர். பாடத்திட்டம், நூலகம், விடுதி எல்லாம் பொறுமையாக விளக்கினார். நான் பக்கத்து அறையிலிருந்து மனசுக்குள் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஐதராபாத் பேராசிரியை. வசந்தியின் விண்ணப்பக் கட்டுரையைப் படித்திருந்தார். மலையில் ஒரு காசநோயாளி மூன்று முறை மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதைப் பற்றி அதில் எழுதியிருந்தாள். அவளை இந்தப் படிப்பைத் தேட வைத்ததே அந்த அம்மாள்தான். பேராசிரியை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார் — "அந்தம்மா இப்போ எப்படி இருக்காங்க?"

வசந்தி "தெரியாது மேடம்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. மாற்றலாகிக் கீழே வந்தபிறகு அவள் போய்ப் பார்க்கவே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த அம்மாளைப் பார்க்க முருகேசனின் ஜீப்பில் மூவரும் மலையேறினோம். கரியாலூர் தாண்டி, தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கிக் கால் மணி நேரம் நடை. வசந்தி எங்களை முந்திக்கொண்டு நடந்தாள். உயிரோடு இருக்கிறாரா என்ற பயம்.

அந்த அம்மாள், சின்னப்பொண்ணு, தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். வசந்தியைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"நர்சம்மா! இன்னா இப்டி எளச்சிட்ட?"

இளைத்திருந்தது அவர்தான்! வசந்தி அப்படியே பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒடம்பு எப்டி இருக்குதும்மா?"

"நோவு போயிடிச்சி. மேட்டுக் கொல்லைக்கு ஏறுனா மூச்சு வாங்குது. ரெண்டு எடத்துல உக்காந்து உக்காந்து போறேன்."

மூன்றாவது முறை நிறுத்தியபோது நோய் முற்றி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அதன்பிறகு மாத்திரையை ஒழுங்காக முடித்திருக்கிறார்.

"அப்ப மட்டும் எப்டிம்மா சாப்ட்ட? நான் அவ்ளோ சொல்லியும் கேக்கலியே?"

சின்னப்பொண்ணு முருகேசனைப் பார்த்தார். அவர் புரிந்துகொண்டு தள்ளிப் போனார். அதன்பிறகுதான் பதில் வந்தது, மெதுவாக.

"அந்த மாத்திரைய முழுங்குனா ஒண்ணுக்கு செவப்பா போவுது. ரத்தம் போவுதுன்னு நெனச்சேன். ரத்தமெல்லாம் போயி செத்துட்டா புள்ளைங்கள யாரு பாப்பா? அதான் நிறுத்திட்டேன். ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்டுக்காரிக்கும் அதே செவப்பு. ரெண்டு பேரும் சொல்லிகினு சிரிச்சோம். அப்பதான் பயம் போச்சி."

அந்த மருந்தால் சிறுநீர் சிவப்பது சாதாரணம். எந்தக் கெடுதலும் இல்லை. ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

"எங்கிட்ட சொல்லி இருக்கலாமேம்மா?" என்றாள் வசந்தி.

"நீ கேக்கலியே நர்சம்மா. 'ஏன் சாப்புடல'ன்னு நாலு பேரு எதிர்ல திட்டுன. சாப்ட்டா இன்னா ஆவுதுன்னு நீ கேக்கலியே."

கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. வசந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கையில் இருந்த கிழங்கு மண்ணெல்லாம் இவள் முகத்தில். சின்னப்பொண்ணு முந்தானையால் துடைத்துவிட்டார். "நீதான மாத்திரைய தூக்கிகினு மழையில நடந்து வந்த... அதெல்லாம் மறந்துடுவனா?"

இறங்கும்போது வசந்தி சொன்னாள். "ஐதராபாத்துக்கா."

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த டீச்சர் ஒரு கேள்வி கேட்டாங்கங்கறதுக்காகவா?"

"அதுவுந்தான். அங்க ரெண்டாவது வருசம் ஆறு மாசம் ஜனங்களோட தங்கிப் படிக்கணும். நான் இங்கதான் வருவேன். ஒரு வருச கோர்ஸ்ல எனக்குத் திட்டுற பழக்கங்கூட போவாதுக்கா!"

முருகேசன் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பை ஒடித்து இறக்கினார். இரண்டு வருடம் என்பது அவருக்குச் சின்ன விஷயமா? பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, "ஐதராபாத்துன்னா ட்ரெயின் இருக்குது. பாப்பாவ இட்டுகினு நானே வந்துடுவேன்" என்றார். வசந்தி அவர் தோளில் கை வைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இங்கிலாந்து மட்டமா? இல்லவே இல்லை. வேறொருத்திக்கு அதுவே சரியான இடமாக இருக்கும். நாம்தான் காலேஜைப் பற்றி எல்லாம் விசாரிக்கிறோம், படிக்கப் போகிறவளுக்கு எது தேவை என்பதைத் தவிர. அந்தச் சனிக்கிழமை ரேங்க் பட்டியலைத் திறந்த நான், "உனக்கு ஏன் தயக்கம்?" என்று வசந்தியிடம் கேட்கவே இல்லையே!

இப்போது அவள் ஐதராபாத்தில். போன வாரம் போன் செய்தாள். "ஊசி போடறது ஈஸிக்கா. குறுக்கப் பேசாம ஒருத்தர் சொல்றதக் கேக்கறதுதான் கஷ்டமா இருக்குது."

போனை வைத்துவிட்டு நானும் முயன்று பார்த்தேன். பிரஷர் மாத்திரையை அடிக்கடி 'மறந்து' விடுகிற என் கணவரிடம், "ஏன் சாப்பிடலை?" என்று கத்தாமல், "சாப்பிட்டா என்ன பண்ணுது?" என்றேன். பேப்பரைக் கீழே வைத்தார். தலை சுற்றுகிறதாம். மூன்று வருடமாக!

வீட்டுக்குள்ளேயே எனக்கு இவ்வளவு பாடம் பாக்கி இருக்கிறது.