திறக்காமல் தேடிய கலியாணப் படங்கள்

போன மாரியில் வெள்ளம் வடிந்து, கல்முனையில் நாங்கள் வீட்டுச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்த கிழமையில் நடந்தது இது. மகளுக்குப் பித்தப்பையில் கல் என்று ஒப்பரேஷன் செய்து ஆசுபத்திரியில் வைத்திருந்தார்கள். மயக்கம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. வீட்டில் நானும் மருமகனும்தான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மாமியும் மருமகனும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் முகத்துக்கு நேரே கதைக்கிற வழக்கம் முன்பு இல்லை. இப்போது பலர் அதை விட்டுவிட்டார்கள். என்னை அந்தக் கூச்சம் விடவில்லை. சோற்றை எடுத்து வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று, "சாப்பாடு வெச்சிரிக்கி" என்பேன். "சரி மாமி" என்பார். இத்தனை வருடத்தில் எங்கள் கதை அவ்வளவுதான்.

என் மகள் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படம் எடுப்பவள். அங்கே ஆண் கமராக்காரர் போக ஏலாது. மகள் போகும் வீடெல்லாம் ஒரு வாக்குக் கொடுப்பாள்: "இந்தப் படத்தில ஆம்பிளக் கண் படாது. என்ட மாப்பிள்ளட கண்ணும் படாது." அந்த வாக்கை நம்பித்தான் பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டு, தைரியமாக அவள் முன்னால் நிற்பார்கள்.

மருமகனுக்குக் கொம்பியூட்டர் வேலை. எங்கோ தூர நாட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு கொம்பியூட்டரில் அந்தப் படங்களை வைக்க ஏற்பாடு செய்து கொடுத்தவர் அவர்தான். மகளின் லெப்டொப்பில் ஏஐ உதவியாளர் ஒன்றையும் போட்டுக் கொடுத்திருந்தார். தமிழில் கேட்டால், தூரத்துக் கொம்பியூட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று பெயர்களையும் தேதிகளையும் மட்டும் பார்த்துச் சொல்லும். எதையும் திறக்காது, அழிக்காது. அப்படித்தான் அவர் அதற்கு எல்லை போட்டிருந்தார்.

அன்று காலை ஓர் இளம் பெண் வந்தாள். முந்தின வருடம் என் மகள் அவளுடைய கலியாணத்துக்குப் படம் எடுத்திருந்தாள். கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் அவளுடைய உம்மா கண்ணை மூடி மௌத்தாகிவிட்டாராம். வாழ்நாளில் கமரா முன் நிற்காத மனுசி. மகளின் கலியாணத்தில் மட்டும்தான் முகம் காட்டியிருக்கிறார். அந்த அல்பமும் பென் டிரைவும் வெள்ளத்தில் போய்விட்டன.

"வேற எங்கயும் எங்கட உம்மாட படம் இல்ல சாச்சி," என்றாள்.

அல்பத்தைக் கொடுத்துக் கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் அழித்துவிடுவது மகளின் வழக்கம். வீட்டில் வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கும் வெள்ளத்தில் ஊறிப் போயிருந்தது. தூரத்துக் கொம்பியூட்டரில் மிச்சம் இருந்தால்தான் உண்டு.

நான் கதவுக்குப் பின்னால் போய் மருமகனிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் சற்று யோசித்து, "நான் பாக்கிறது சரியில்ல மாமி. நீங்க அவட லெப்டொப்புக்கு முன்னால இரிங்க. நான் வெளிய நிண்டு சொல்லித் தாறன்," என்றார்.

அப்படி நானும் அந்தப் பெண்ணும் முன் ஹோலில் உட்கார்ந்தோம். மருமகன் விறாந்தையில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். வழக்கமாக நான் மறைந்து நிற்பதுபோல் இன்று அவர் நின்றார்.

அவள் பெயரைச் சொல்லி, படம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டேன். கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது உதவியாளர்.

"மாமி, கொஞ்சம் சத்தமாக் கதைங்க."

சத்தமாகக் கேட்டேன்.

"ஆ, இப்ப கேக்கிது. இந்த வீட்டுக்கு வந்த நாளில இரிந்து இன்டைக்குத்தான் மாமிட சத்தம் எனக்கும் கேக்கிது!"

கலங்கி இருந்த அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். எனக்கோ முகமெல்லாம் சுட்டது.

அவள் பெயரில் எதுவும் இல்லை என்றது உதவியாளர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாப் பேரையும் வாசிக்கச் சொல்லுங்க மாமி," என்று வெளியிலிருந்து குரல் வந்தது. ஒவ்வொன்றாகப் படித்தது. மஞ்சள் கேற். கிணற்றடி. பாலமுனை முருங்கை. யாருடைய கலியாணம் என்று வேறு ஒருவருக்கும் விளங்கக் கூடாது என்று, கண்ணில் பட்டதை மகள் பெயராக வைத்திருக்கிறாள். அடுத்ததாக, "ரெண்டு பூனை" என்றது.

அவள் என் கையைப் பிடித்தாள். "அது எங்கட வீடு சாச்சி! கலியாணத்தண்டு உம்மாட காலச் சுத்திக்கிட்டே திரிஞ்ச பூனைங்க."

உள்ளே படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன். நிறைய இருப்பதாகச் சொல்லி, அவற்றின் தேதியையும் சொன்னது. அவளுடைய கலியாண நாள்தான்.

"ஒண்ட மட்டும் தொறக்கச் சொல்லுங்க. உம்மாட முகம் விழுந்திரிக்கா எண்டு பாத்திட்டுப் பெய்த்திருவன்," என்று கெஞ்சினாள்.

கேட்டேன். திறக்கத் தனக்கு அனுமதி இல்லை என்றது. "புள்ள அழுறா, ஒரு படந்தானே," என்று அதனோடு வாதாடியும் பார்த்தேன். அதே பதில்தான்.

நான் எழுந்து திரையை விலக்கினேன். மருமகனின் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தொறக்க ஏலுமா மருமகன்?" என்று கேட்டேன்.

அவர் திடுக்கிட்டுக் கீழே பார்த்தார். "ஏலும் மாமி. பாஸ்வேர்ட், அந்தத் திறப்பு, என்ட கையிலதான் இரிக்கி. நான் தொறந்தா ஆம்பிளக் கண் பட்டிரும். கையில இரிக்கி எண்டுறதுக்காகத் தொறக்கலாமா? அதுக்குள்ள இவட உம்மா மட்டுமா இரிக்கா? முக்காடு இல்லாம நிண்ட எத்தின பேர் இரிப்பாங்க. அவங்க எல்லாருக்கும் சேத்துத்தானே உங்கட மகள் வாக்குக் குடுத்த."

உள்ளே இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணாம் சாச்சி. உம்மா முகம் குடுத்ததும் அந்த வாக்க நம்பித்தான். நான் காத்திரிக்கன்," என்றாள்.

மகள் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண்ணை வரச் சொன்னோம். வயிற்றுத் தையலோடு படுத்துக்கொண்டே மகள் லெப்டொப்பைத் திறந்தாள். அந்த உம்மா மௌத்தான செய்தி கேட்டதிலிருந்து அந்தப் படங்களை அழிக்க மனம் வரவில்லையாம். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். அறையிலிருந்து முதலில் அழுகை வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. "சாச்சி, ஓடி வாங்க! உம்மா!" என்று கூப்பிட்டாள்.

போய்ப் பார்த்தேன். அந்த முகம் எப்படி இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். இதைப் படிப்பவர்களில் ஆண்களும் இருப்பீர்கள்.

இப்போதும் சோறு வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறேன். ஆனாலும் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்ற அந்த மனிதரை நினைக்கும் போதெல்லாம், என் பிள்ளையை நல்ல இடத்தில்தான் ஒப்படைத்திருக்கிறேன் என்று மனம் ஆறுகிறது.