லொறி மாதிரித் திரும்புகிறவன்

பிள்ளைகளே, நேற்று கேம் ரிமோட்டை என் கையில் திணித்து, ஒரே ஒரு தடவை விளையாடுங்கப்பா என்று கேட்டீர்கள். தேத்தண்ணி ஆறுது என்று சொல்லி எழும்பிவிட்டேன். அது பொய். உண்மையை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் எழுதித் தருகிறேன்.

என் இடது கைப் பெருவிரலை எடுத்தது வட்டகொடைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷின். நீங்கள் பிறப்பதற்கு முந்தி, தொண்ணூறுகளின் கடைசியில். அதற்குப் பிறகு லயத்து வீடுகளில் எல்லோரும் என் கையைப் பார்த்துத்தான் பேசினார்கள். பார்க்காத இடம் ஒன்றே ஒன்று. தலவாக்கலையில் ஒரு தையல் கடை மேல்மாடியில், என்னோடு படித்த கூட்டாளி நாலு டீவி வைத்துக் கேம் கடை நடத்தினான். அங்கே எல்லாக் கண்ணும் டீவியில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன்.

பேய் நடமாடுகிற பங்களாவுக்குள் துப்பாக்கியோடு ஒருத்தன் போகிற கேம் அது. ரிமோட்டில் மேல் அம்புப் பட்டனை அழுத்தினால், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறானோ அந்தப் பக்கம் நடப்பான். திரும்புவதென்றால் நின்ற இடத்திலேயே, வளைவில் கொழுந்து லொறி திரும்புகிற மாதிரி மெதுவாகத் திரும்புவான். எல்லோரும் அதைத் திட்டினார்கள். எனக்கு அந்த மெதுவான நடைதான் வேண்டியிருந்தது. ரிமோட்டை மடியில் வைத்து, மிச்ச விரல்களால் அம்புகளை அழுத்தி மூன்று பாகம் முடித்தேன்.

சில வருஷம் கழித்துப் புதுப் பாகம் வந்தது. அதில் இடது பெருவிரலால் ஒரு குமிழைத் தள்ள வேண்டும், அதே நேரம் அதே கையின் ஆள்காட்டி விரல் பின்பக்கப் பட்டனை அமுக்க வேண்டும். என் ஆள் முதல் வாசலிலேயே செத்தான். பழைய மாதிரி மாற்ற வழி உண்டா என்று கூட்டாளியும் நானும் தேடினோம். இல்லை.

அன்றைக்கு நாங்கள் நன்றாகவே வாதாடினோம். கட்டை வண்டி மாதிரி நடந்தால் புதுசாக எவன் வாங்குவான், விற்கிறவன் ஊர் கேட்பதைத்தான் செய்வான் என்றான் அவன். பழையதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, ஒரு ஓரத்தில் அதையும் வைத்திருக்கலாமே என்றேன் நான்.

தோட்டத்தில் கூரை ஒழுகினாலும் தோட்ட மனேஜர் துரைக்கு மகஜர் எழுதிக் கேட்போம். எனக்குத் தெரிந்த வழி அதுதான். பழைய நடையையும் தயவாய் விட்டுவைக்கும்படி கேம் கம்பனிக்கு ஒரு மகஜர் எழுதினேன். கடையிலிருந்த ஏழு பேர் கையெழுத்து வைத்தார்கள். கைநாட்டு வைக்கவும் விரல் இல்லாதவன் மகஜர் எழுதுறான் பார் என்று கூட்டாளி கேலி பண்ணினான். ஆனால் அகராதியைப் பார்த்து இங்கிலீஷில் மாற்றியதும் அவன்தான்.

விலாசத்துக்காக டிஸ்க் உறையைத் திருப்பினோம். கொழும்பில் டிஸ்க் கொப்பி அடிக்கிற கடையின் நம்பர் மட்டும் இருந்தது. அவன் உறையைக் கீழே வைத்தான்.

"மச்சான், எல்லாமே கொப்பிடா. இது வரைக்கும் ஒரு பாகமாவது கேம் கம்பனிக்காரங்ககிட்ட வாங்கியிருக்கோமா? தொரைக்குன்னாலும் கொழுந்து எடுக்க நாம வேணும். இவங்களுக்கு நாம எதுக்கு?"

மகஜரை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். அது எங்கேயும் போகவில்லை.

எனக்காக ஒரு டீவியில் பழைய பாகத்தைச் சில மாதம் விட்டுவைத்தான். புதுசுக்கு வரிசை மாடிப்படி வரைக்கும் நின்றது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டீவியிலும் புதுசு ஓடியது. நீ வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறாய், மற்ற நாளெல்லாம் அது சும்மா கிடக்கிறது என்றான், என் முகத்தைப் பார்க்காமல். சரிதான் என்றேன். அவன் கடை, அவன் பிழைப்பு.

அன்று விளையாடாமல் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒருத்தனுக்குப் பொழுது போகவில்லை போல, கேட்டான்.

"அண்ணே, கைக்கு என்னாச்சுங்க?"

மெஷின் என்று சொன்னேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. இறங்கி வந்து பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அந்த மாடிக்குப் போகவில்லை.

நேற்று நீங்கள் தந்த ரிமோட்டிலும் அதே குமிழ், அதே இடத்தில். இனி அது மாறாது. நீங்கள் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். ரிமோட்டை என்னிடம் மட்டும் நீட்டாதீர்கள்.