முதலாளி எப்போது வருவார்?

குவைத்தில், ஃபஹாஹீலில் மகள் வீட்டு ஹாலில் ஒரே ஒரு சோபா. அதில் மருமகன் உட்கார்ந்தால் நான் அடுக்களை வாசலில் நின்றுகொள்வேன். எங்கள் பக்கம் மாமியார் மருமகனிடம் நேராகப் பேசுவதில்லை. எதுவானாலும் மகள் வழியாகத்தான்.

ஊரில் எனக்கு ஒரு ஏக்கர் காடு உண்டு. மானாவாரி நிலத்தை நாங்கள் காடு என்போம். நானும் வீட்டுக்காரரும் கூலிக்குப் போன நிலம். பிறகு அவர் இதே குவைத்தில் கட்டட வேலை செய்து அதையே வாங்கினார். அதை விற்று டவுனில் வீடு கட்டலாமா என்று மருமகன் கேட்டிருந்தார். அவர் லீவில் ஊருக்குப் போகுமுன் பதில் வேண்டும். எனக்கு மனமில்லை. சொல்ல வாயும் வரவில்லை.

மகள் ஆங்கிலத் தொடர் ஒன்றை மறுபடி மறுபடி பார்ப்பாள். அவளோடு டூட்டி பார்க்கும் கென்யாக்கார நர்சும் அப்படித்தானாம். அமெரிக்காவில் ஒரு கறுப்புக் குடும்பம். சண்டை, கல்யாணம், கண்ணுக்கு எட்டியமட்டும் வயல். எனக்குப் பாஷை தெரியாது. முதல் நாள் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"முதலாளி எப்ப வருவாவ?"

"எந்த முதலாளி?"

"நெலத்துக்காரவதான், வேற யாரு."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எம்மா, அந்தா தொப்பி போட்டு நிக்காவல்லா, அவியதான் முதலாளி. வேற யாரும் வரமாட்டாவ."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தொப்பி போட்டு நின்ற அந்த அம்மாளுக்கு என் நிறம்தான். நிலத்தின் நடுவில் நடக்கிறாள், யாருக்கும் ஒதுங்கவில்லை. ஆண்கள் எல்லாரும் கத்தி முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்கிறாள். அவ்வளவு பேரும் அடங்கிவிடுகிறார்கள். இன்றைக்கும் அந்த நடையைப் பார்த்தால் எனக்கு மூச்சு நின்றுதான் வருகிறது. சாமி சப்பரம் வரும்போது நிற்பதுபோல் கைகட்டி நிற்பேன்.

மருமகன் புறப்படுவதற்கு முந்தின நாள் மகள் டூட்டிக்குப் போய்விட்டாள். அவர் பெட்டி கட்டிக்கொண்டே, சுவரிடம் கேட்பதுபோல், "காட்டுக்கு ஆள் ரெடியா இருக்கு. அத்தை என்ன சொல்லுதாவளோ" என்றார்.

"விக்க வேண்டாம்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அது என் காடு."

மடித்த சட்டையைப் பெட்டியில் வைத்தார். பிறகு மகளுக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, ஒங்கம்மா எங்கிட்ட பேசிட்டாவ."

அவள் என்ன கேட்டாளோ.

"விக்கலையாம். எல்லாம் நீ போட்டுக் காட்டுத படம்."

சிரித்தாரா, கோபமா, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.