அம்மாவின் குழிக்கு அட்வான்ஸ்

என் அக்காவைப் பார்த்தால் சின்ன வயதிலிருந்தே எனக்கு வயிறு எரியும். அவளுக்கு முழங்கால் வரை முடி, எனக்கு எலிவால். அவளுக்குக் கும்மிடிப்பூண்டியில் பர்மனென்ட் வேலை பார்த்த புருஷன், எனக்கு வாய்த்தவர் கான்ட்ராக்ட். இதெல்லாம் பழகிப்போனது. ஆனால் போன வருடம் அவள் தன் சாவுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தாளே, அன்று எரிந்த மாதிரி என்றும் எரிந்ததில்லை.

அவளுக்கு இதயத்தில் அடைப்பு. அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷனுக்குச் செலவில்லை. அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். மாமா இறந்தபோது கம்பெனியில் கொடுத்த பணம் அவள் பாஸ்புக்கில் கிடந்தது. பாஸ்புக்கில் பணம் இருந்தால் சான்று தரமாட்டார்கள் என்று ரேஷன் கடை வரிசையில் யாரோ சொல்ல, அதை அப்படியே நம்பிவிட்டாள். மகனிடம் கொடுத்தால் மருமகள் கைக்குப் போய்விடும். வெளியே கொடுத்து வைக்கவும் பயம். கடைசியில் அவளுக்குப் பத்திரமாகத் தோன்றியது அவளுடைய சொந்தச் சாவுதான்.

பக்கத்திலிருக்கும் ஆரணியில் சவப்பெட்டி செய்பவரிடம் போய்த் தன் உயரத்துக்கு அளவு கொடுத்தாள். உள்ளே வெள்ளை சாட்டின் துணி, ஓரமெல்லாம் லேஸ். கல்யாணப் புடவையை வர்ணிப்பதுபோல என்னிடம் வர்ணித்தாள். வேன், பந்தல், மூன்றாம் நாள் சாப்பாடு எல்லாவற்றுக்கும் அட்வான்ஸ். அப்படியே கோயிலுக்குப் போய் ஃபாதரைப் பார்த்து அம்மாவின் குழிக்கும் கட்டிவிட்டாளாம்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு எரிந்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புதிதாக வெட்ட இடமில்லை. பழைய குழியைத் திறந்து அதே குடும்பத்தில் ஒருவரை வைப்பார்கள். திறந்து மூடிய குழியைப் பல வருடம் தொடமாட்டார்கள். மற்றவர்களுக்கு ஏரிப் பக்கம் வாங்கிய புது இடம். ஆக, அம்மாவோடு படுக்கப்போவது எங்களில் ஒருத்திதான்.

அம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருடமும், தேர்வாய் கண்டிகையில் கம்பெனி கேன்டீன் வேலையை முடித்துவிட்டு வந்து அவளுக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் நான். அக்கா ஞாயிறு பூசை முடிந்து பிஸ்கட் பாக்கெட்டோடு வருவாள். வருகிறவர்களிடமெல்லாம் அம்மா அந்தப் பிஸ்கட்டைப் பற்றித்தான் பேசுவாள்.

சான்று வாங்க வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நான்தான் துணைக்குப் போனேன்.

"வருமானம் இன்னாம்மா?"

"தையல் மிஷின் போட்டுக்கினு இருக்கேன் சார். புள்ள தனியா கீறான்."

காலியான பாஸ்புக்கைப் பெருமையாக நீட்டினாள். "அதெல்லாம் வாணாம்மா, உள்ள வை" என்றார் அவர்.

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு. சந்தோஷம் என்றே சொல்ல வேண்டும். "பாத்தியா, யாரும் கேக்கல. போய்க் குழிய கேன்சல் பண்ணிடுக்கா" என்றேன்.

"கட்னது கட்னதுதான்டி" என்றாள்.

அட்டை வந்தது, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. அடுத்து வந்த கல்லறைத் திருநாளில் இருவரும் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனோம். அவள் குழியின் மேல் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிச் சுத்தம் செய்தாள். சொந்த வீட்டு வாசலைக் கூட்டுகிறாள் என்று பட்டது. என்னால் அடக்க முடியவில்லை.

"அம்மாவ கழுவுனது நானு. நீ இன்னாக்கா செஞ்ச? பிஸ்கட் வாங்கியாந்த. இப்ப எடமும் உனக்கா?"

அவள் கையிலிருந்த புல்லை உதறினாள். பைக்குள்ளிருந்து கோயில் ரசீதை எடுத்து என் கையில் வைத்தாள். அதில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது.

"எனக்குத் தெரியாதாடி நீ செஞ்சது? யாரு முன்னாடி போறாங்களோ அவங்க அம்மாகிட்ட. ஃபாதராண்ட அப்டித்தான் சொல்லிக்கீறேன்."

நான் அழுதிருக்க வேண்டும். அழவில்லை. அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள், இதயத்தில் ஸ்டென்ட் வேறு. இதிலும் முந்திக்கொள்வாள் என்றுதான் மனம் ஓடியது.

அன்றிலிருந்து தினமும் காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் அவளுக்குப் போன் செய்கிறேன். மாத்திரை போட்டாயா, உப்பைக் குறைத்தாயா, படி ஏறினாயா என்று துருவித் துருவிக் கேட்கிறேன்.

"இன்னாடி, திடீர்னு இவ்ளோ பாசம்?" என்று சிரிக்கிறாள்.

அவள் நன்றாக இருக்க வேண்டும். எனக்குப் பிறகும் சில வருடம் நன்றாக இருக்க வேண்டும்.