பாறையில் இருந்த குதிரைக்காரன்

எங்கள் ஃபோர்மேனை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. என்னை நினைத்தால் அதைவிட அதிகமாக எரிகிறது.

1991, பொங்கல் கழிந்த ஞாயிறு. ஒரகடம் பக்கத்தில் ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறையில் நான் செக்கர். வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தால் விரிசலில் எண்ணெய் நின்று கோடு காட்டிக்கொடுக்கும். நாள் முழுக்க அதுதான் என் பிழைப்பு.

என் அக்கா புருஷன் திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் டிராயிங் மாஸ்டர். அவர் ஊர்ப் பொட்டலில் ஒரு மொட்டைப் பாறைக்குன்று. அதன் குடைவில் எந்தக் காலத்திலோ எவரோ செங்காவியில் வரைந்த சித்திரம், குதிரைமேல் ஒரு ஆள். குன்றை ஜல்லிக்கு உடைக்கக் குத்தகை கேட்டிருந்தார்கள். மாமா மனுமேல் மனு போட்டதில், புதன்கிழமை அதிகாரிகள் நேரில் வருவதாக இருந்தது. சித்திரத்தைப் பார்த்துவிட்டால் குன்று பிழைக்கும். "பத்துப் பேரக் கூட்டியா மாப்ளே. கண்ணால பார்த்தோம்னு கையெழுத்துப் போடட்டும்" என்றார். பட்டறை ஆட்களை நான்தான் திரட்டினேன்.

சிங்கப்பெருமாள் கோவிலில் விடியலில் வேன் ஏறினோம். முதலில் மரக்காணம் கழுவெளிச் சதுப்பில் பூநாரைகளைக் காட்டினார் மாமா. "சத்தம் போடாதீங்க, மேயுதுங்க" என்று கிசுகிசுத்தார். ஃபோர்மேன் படார் படாரென்று கைதட்டினார். "பறந்தாதானே வாத்தியாரே போட்டோ நல்லாருக்கும்!" பறவைக் கூட்டம் மொத்தமும் எழும்பிக் கடல் பக்கம் போய்விட்டது. அங்கேயே ஃபோர்மேனை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், மானங்கெட்டவன் நான்.

குன்றுக்குப் போனபோது உச்சி வெயில். ஏற முடியாமல் நின்ற இரண்டு பேரைக் கைபிடித்துக் கூட்டிவர மாமா கீழே இறங்கினார். "சாயங்காலம் வெயில் சாய்ஞ்சாதான் நல்லாத் தெரியும், பொறுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

பொறுமையா? எங்கள் ஆட்களுக்கா?

"இன்னாடா இது, ஒண்ணுமே தெரில? இதுக்கா இவ்ளோ தூரம் இட்டாந்த?" என்றார் ஃபோர்மேன். பிறகு என் தோளைத் தட்டினார். "நீ செக்கர்தானே? ஸ்டவ்வுக்கு எடுத்தாந்த கிருஷ்ணாயில் கீது. நம்ம டெஸ்ட்டப் போட்டுக் காட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷனில்லை. பனியன் துணியை நனைத்து, வார்ப்பைத் துடைப்பதுபோல அழுத்தி இழுத்தேன். குதிரை ரத்தச் சிவப்பாக எழும்பியது. கழுத்து, வால், மேலே உட்கார்ந்தவன் தூக்கிய கை எல்லாம் தெரிந்தது. "அட்றா சக்கை!" என்று கத்தினார்கள். இன்னும் பளிச்சென்று தெரியட்டும் என்று இன்னொரு இழுப்பு இழுத்தேன்.

பாறை வெறும் பாறையாக இருந்தது. துணி சிவந்திருந்தது.

"சரி வுடு, பெயின்ட்டு மட்டம்" என்றார் ஃபோர்மேன். அந்த வாயைக் கிழித்திருக்க வேண்டும். ஆனால் துடைத்தது அவர் கையா? என் கை. இரும்பைத் தவிர வேறெதையும் தொடத் தெரியாத கை.

மாமா மேலே வந்தார். குடைவைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பையைத் திறந்து, கையெழுத்துக்காக வைத்திருந்த மனுத்தாளில் ஒன்றை உருவினார்.

"துணியக் குடு மாப்ளே" என்றார்.

கொடுத்தேன். மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட அதைத் தாளில் வைத்து மடித்தார்.

"புதன்கிழமை வர்றவங்களுக்கு எதையாவது காட்டணுமில்ல?"