தோல்பைக்கு ஒரு நல்ல படம்

வியாபாரிகளுக்கு வலைப்பதிவு எழுதிக் கொடுக்கும் தொழிலில், எழுத்து என்பது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே விடுகிற இடைவெளி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. வேலை பார்த்த கம்பெனி மும்பை ஆபீசை மூடியபோது, இத்தனை வருஷம் ரிப்போர்ட் எழுதியவனுக்கு எதையும் எழுத வரும் என்ற தைரியத்தில், செம்பூர் வீட்டு டைனிங் டேபிளில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். உங்களில் யாராவது அதே தைரியத்தில் உட்கார்ந்திருந்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் ஒரே ஒரு வாடிக்கையாளரைப் பற்றி. ஜமால் பாய், திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கிறார். மொத்தமாகச் சரக்கு எடுத்துக்கொண்டிருந்த சேட் திடீரென்று நிறுத்திவிட்டார். இனி நேரடியாக ஆர்டர் பிடிக்க வேண்டும், அதற்குத்தான் வலைப்பதிவு. தீபாவளிக்குள் ஒன்றும் தேறவில்லை என்றால் மாடி அறையைக் காலி செய்துவிட்டு, அங்கே தைக்கிற நாலு பேரை ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று முதல் நாளே சொன்னார். நாலு பேரும் எங்களுக்குப் பக்கத்தில்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது சுலபம்.

படமில்லாத பதிவு

முதல் பதிவை உயிரைக் கொடுத்து எழுதினேன். தோல் எப்படிப் பதனிடப்படுகிறது, நல்ல தையலை எப்படி அடையாளம் காண்பது, பை வாங்குவதற்கும் பையோடு வாழ்வதற்கும் என்ன வித்தியாசம் என்று அருமையான ஆங்கிலத்தில் நாலு பக்கம். படம் கிடையாது. நல்ல எழுத்துக்குப் படம் எதற்கு என்பது அன்றைய என் கட்சி.

ஜமால் பாயின் மகள் நஸ்ரின்தான் அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்பவள். காலேஜ் முடித்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று போனில் காட்டினாள். வந்தவர்கள் தும்மல் போடுகிற நேரம்கூட இருக்கவில்லை. "மேலேயே பாத்துட்டு போயிடறாங்க அங்கிள், நீச்சே, கீழ வரைக்கும் யாரும் வர்றதே இல்ல," என்றாள். ஜமால் பாய் அவளிடமிருந்து போனை வாங்கி, பதிவை மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளிப் பார்த்தார். கடைசிவரை வந்த ஒரே வாசகர் அவர்தான்.

"நல்லா எழுதியிருக்கியன்னு பாத்தாலே தெரியுது சார். அதான் யாரும் படிக்கல போல."

வெள்ளைக்காரியின் பை

சரி, படம் போடுவோம் என்று இறங்கினேன். இலவசமாகப் படம் கொடுக்கும் தளங்கள் உங்களுக்குத் தெரியும். மழை பெய்து ஓய்ந்த ஏதோ ஒரு ஐரோப்பிய வீதி, பின்னல் போட்ட ஒரு பெண், தோளில் ஒரு தோல்பை. அதைப் பதிவின் தலையில் வைத்ததும் அதற்கே ஒரு களை வந்துவிட்டது. பிடித்திருக்கிறதா என்று கேட்டு நஸ்ரினுக்கு அனுப்பினேன். அவள் அதைப் பட்டறையின் வாட்ஸப் குழுவில் போட்டாள்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்று. பட்டறைக் குழுவுக்கு ஒரு படம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சாம்பிள். இந்த மாதிரி வேண்டும், செய். சேட் காலத்திலிருந்து அப்படித்தான். அடுத்த வாரம் நான் போனபோது அந்தப் பை மேஜைமேல் நின்றது. அதே மடிப்பு, அதே கொக்கி. ஆனால் மூடிக்குக் கீழே குறுக்காக ஒரு கறுப்புத் தோல்பட்டை. படத்தில் அப்படி எதுவும் இல்லையே என்று போனைத் திறந்து பார்த்தேன். இருந்தது. அந்தப் பெண்ணின் கை நிழல் பைமேல் விழுந்திருந்தது. வெட்டுகிற முருகன் மாஸ்டர் நிழலையும் அளவெடுத்து வெட்டித் தைத்திருக்கிறார். இது எதற்கு மாஸ்டர் என்று கேட்டேன்.

"படத்துல அந்த எடம் கறுப்பாத்தான சார் இருந்துச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் சும்மாவா வச்சிருப்பான்?"

மாதுங்காவின் வெளிச்சம்

இனி நம் பையை நாமே படம் எடுப்பது என்று தீர்மானித்தேன். வெளிச்சம் நன்றாக இருக்கும் வீடு என்றால் மாதுங்காவில் என் பெரியப்பா மகனுடையதுதான். பெரிய ஜன்னல், ஹாலில் பித்தளைச் சங்கிலி போட்ட ஊஞ்சல். ஊஞ்சல்மேல் பையை வைத்து எடுத்தால் எந்தப் பதிவும் பிய்த்துக்கொண்டு போகும். பையை வைத்து நிமிர்வதற்குள் அவர் மனைவி கோமதி மன்னி வந்துவிட்டாள்.

"ஊஞ்சல்ல தோலை வைக்காதேடா." டைனிங் டேபிள்? அதில் சாப்பிடுகிறோம். ஜன்னல் திண்டு? பக்கத்திலேயே சுவாமி அலமாரி. கடைசியில் இடத்தை அவளே காட்டினாள், வாசல் செருப்பு ஸ்டாண்ட். "அதுவும் தோல், இதுவும் தோல், ஒண்ணோட ஒண்ணு இருக்கட்டும்." வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அங்கேதான் விழுந்தது என்பதை மனக்கசப்புடன் ஒப்புக்கொள்கிறேன். நான் படம் எடுத்து முடிக்கும்வரை மன்னி ஊஞ்சலை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது கதவு வரை வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இந்த பிரவுன் எனக்கு வேண்டாம். கறுப்புல சின்னதா இருந்தா ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லேன்."

இரண்டு ட்யூப்லைட்

செருப்பு ஸ்டாண்ட் படங்களைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள்; ஆர்டர் வரவில்லை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மாடியில் நாலு பேரும் மீதித் தோலில் சாவிக்கொத்து உறை தைத்துக்கொண்டிருந்தார்கள். அதாவது, சும்மா இருக்கவில்லை என்று காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பையை விடு, செய்கிற கையைக் காட்டு. மாடியில் மூன்று ட்யூப்லைட் உண்டு. இரண்டை அணைக்கச் சொன்னேன். "கரெண்டு பில் நாந்தான கட்டுதேன், நீங்க எதுக்கு அணைக்கச் சொல்லுதிய?" என்று கேட்டுக்கொண்டே ஜமால் பாய் அணைத்தார். அரை இருட்டில் முருகன் மாஸ்டரின் கை. சாயம் ஏறிய விரல்கள், நசுங்கிக் கறுத்த ஒரு நகம், கீழே பளபளவென்று தோல். சுவரை வேண்டுமென்றே அழுக்காகத் தெரியும்படி எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. "இது சலேகா அங்கிள், பக்கா ஓடும்," என்றாள் நஸ்ரின். பதிவில் போட்ட மறுநாளே கூட்டம். கீழேவரை படித்தார்களா என்று நான் கேட்கவில்லை. ஜமால் பாய் மட்டும் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"செய்யிறவன அழுக்காக் காட்டுனாத்தான் பை சுத்தமாத் தெரியுமா சார்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்னிடம் இருந்த பதில் 'ஆமாம்' மட்டும்தான்.

மேடம் வந்த நாள்

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மேடம் எழுதினார். ஒரு பெரிய ஆபீசில் ஊழியர்களுக்குத் தீபாவளிப் பரிசு வாங்கும் பொறுப்பு அவருடையது. ஆர்டர் பெரிதாக இருக்கும், ஆனால் முதலில் நேரில் வந்து பட்டறையைப் பார்க்க வேண்டும். ஜமால் பாய் விருந்தாளி வருகிறார் என்றால் என்ன செய்வாரோ அதைச் செய்தார். மாடிக்கு வெள்ளையடித்தார். ட்யூப்லைட்டெல்லாம் புதுசு. நாலு பேரும் இஸ்திரி போட்ட சட்டையில். முருகன் மாஸ்டர் சவரம் செய்து, பவுடர் போட்டு, மெஷின் பக்கத்தில் கல்யாண வீட்டுக்காரர் போல நின்றார்.

மேடம் ஏணிப்படி ஏறி வந்தார். சுவரைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார், சட்டைகளைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "நான் படத்தில் பார்த்தது இந்த இடம் இல்லையே?" என்று இந்தியில் கேட்டார். மெஷின் எதுவும் ஓடவில்லை, எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேடத்தைப் பார்த்தேன், அப்புறம் தரையை. ஜமால் பாய்தான் சுவிட்ச் போர்டுக்குப் போய் இரண்டு விளக்கை அணைத்தார். "இப்ப சரியா இருக்கா மேடம்?"

சரியாக இருந்தது. மேடம் தன் போனை எடுத்து, மாஸ்டரின் கையை நாலைந்து கோணத்தில் படமெடுத்துக்கொண்டார். ஆர்டர் அங்கேயே உறுதியானது. ஒவ்வொரு பைக்குள்ளும் அந்தக் கைப்படத்தை அட்டையாக வைக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மாடி அறை தப்பியது. நாலு பேரும் ஊருக்குப் போகவில்லை. மேடம் இறங்கிப் போன பிறகு ஜமால் பாய் விளக்குகளைப் போட்டுவிட்டு டீ சொல்லப் போனார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, படம் நன்றாக வந்திருக்கிறது மாஸ்டர் என்றேன். முருகன் மாஸ்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"கை மட்டும் போதும்னு முதல்லயே சொல்லியிருந்தா, சவரம் பண்ணியிருக்க மாட்டேனே சார்."

நல்ல படம் பதிவைத் தூக்கி நிறுத்தும் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை; அப்படித் தூக்கும்போது யாரைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்கிறோம் என்பதை மட்டும் எந்தப் படத்திலும் பார்க்க முடிவதில்லை.