காளானுக்குச் சாம்பிராணி

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டில் சாமிப்படத்துக்கு மட்டும் சாம்பிராணி காட்டினால் போதாது. அப்பாவின் த்ரீவீலுக்குக் காட்ட வேண்டும், டிவிக்குக் காட்ட வேண்டும், வாசலில் நிற்கும் கறிவேப்பிலைக்கும் காட்ட வேண்டும். நான் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்ட வருடம் என் புத்தகப் பையும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது. அம்மாவைப் பொறுத்தவரை நன்றாக இருக்க வேண்டிய எதற்கும் கொஞ்சம் புகை தேவை. ஆகவே அத்தையின் காளான்களுக்கும் அவள் சாம்பிராணி காட்டியது எனக்கு அப்போது வியப்பாகவே இல்லை.

பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்றில், நாங்கள் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா த்ரீவீல் ஓட்டினார். அப்பாவின் தங்கையான அத்தை குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு இரண்டாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தாள். முதல் தடவைச் சம்பாத்தியத்தில் எங்கள் கூரைக்குப் புதுத் தகரம் ஏறியது. இரண்டாவது தடவையில் த்ரீவீல் வந்தது. மூன்றாவது தடவைக்கு ஏஜென்சிக்காரர் ஓயாமல் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தார். அங்கே என்ன பட்டாள் என்று அத்தை ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஃபோன் வந்தால் கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே போய் நிற்பாள். அவள் போய்விடக் கூடாது என்று நான் எல்லாச் சாமிகளிடமும் கேட்டுக்கொண்டேன். வலிக்காமல் என் தலையைச் சீவிவிடத் தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

போகாமல் இருக்க ஒரு வழி வேண்டும் என்றுதான் அவள் குண்டசாலையில் நடந்த காளான் வளர்ப்பு வகுப்புக்குப் போனாள். வகுப்பு முழுக்கச் சிங்களத்தில். அத்தைக்கு அரபு தண்ணீர் பட்ட பாடு. சிங்களம் பஸ் கண்டக்டரோடு சண்டை போடும் அளவுக்குத்தான் வரும். இருந்தும் எப்படியோ படித்துக்கொண்டு வந்துவிட்டாள். லயத்துக்குப் பின்னால் ஆடு கட்டிய பழைய கொட்டிலைக் கழுவி, தரைக்கு மணல் போட்டு, சுவருக்குச் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டாள். மரத்தூளைப் பைகளில் அடைத்து, தகரப் பீப்பாயான பெரலில் வைத்து அவித்து, ஆறியதும் வித்துப் போட்டுக் கயிற்றில் கட்டினாள். சிங்களத்தில் காளானுக்குப் பிம்மல் என்று பெயர். ஒரே கிழமையில் லயம் முழுக்க அவள் பிம்மல் அக்காவாகிவிட்டாள்.

அதிகமாகச் சிரித்தது அம்மாதான். "மழ பேஞ்சா தானா மொளைக்கிறத எவன் காசு குடுத்து வாங்குவான்?" என்று அத்தையின் முகத்துக்கு நேரேயே கேட்டாள். அத்தையும் சேர்ந்து சிரித்தாள். இருவருக்கும் நடுவே சண்டை என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, ஒட்டு என்று சொல்லவும் ஒன்றும் இருக்கவில்லை. ஒரே அடுப்பில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சமைத்தார்கள்.

காளான் விற்றது. முதல் பஸ்ஸில் கண்டிக்குக் கூடையோடு போகும் அத்தை மத்தியானம் வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள். பிறகு பல்லேகலப் பக்கம் ஒரு ஹோட்டலில் கேட்டார்கள். கிரிக்கெட் மேட்ச் நடக்கிற கிழமைக்கு நிறைய வேண்டும், சரக்கு நன்றாக இருந்தால் அதன்பிறகு கிழமைதோறும் எடுக்கிறோம் என்றார்கள். கையில் மிச்சமிருந்ததை எல்லாம் போட்டு அத்தை கொட்டில் நிறையப் புதுப் பைகளைத் தொங்கவிட்டாள். இந்த ஹோட்டல் நிலைத்துவிட்டால் குவைத்துக்கு ஒரு கும்பிடு என்று அப்பாவிடம் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், ஏஜென்சியில் கிடந்த தன் பாஸ்போட்டைத் திருப்பி வாங்கிவரக் கொழும்புக்கும் புறப்பட்டாள். தெரிந்தவர் வீட்டில் தங்கி அலைந்தால்தான் அது கைக்கு வரும் என்றார்கள்.

"அண்ணி, காலையில, பகல்ல, பின்னேரம் தண்ணி மட்டும் தெளிச்சு விடுங்க. வேற ஒன்னும் செய்ய வேணாம்" என்று கேட்டுக்கொண்டு போனாள்.

அத்தை அம்மாவிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா அதைப் பெரிய மனதோடு ஏற்றுக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்து, சோற்றைத் தொடும் முன் கொட்டிலுக்கு ஓடினாள். மொட்டுகள் எட்டிப் பார்த்த அன்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். பை ஒவ்வொன்றிலும் வெள்ளை வெள்ளையாகக் கொத்து. "பாரேன், பச்சப்புள்ள வெரலு மாதிரி" என்றாள். மழை பெய்தால் தானாக முளைப்பதைப் பற்றி அவள் அன்று பேசவில்லை.

ஆனால் பச்சைப்பிள்ளை என்று சொன்னதும் அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் குழந்தையைக் குளிப்பாட்டிய கையோடு சாம்பிராணிப் புகை காட்டுவோம். தலையில் நீர் கோத்துச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமே.

"இதுங்க நாளைக்கு மூணு தரம் குளிக்குதுங்க. ஒரு புகை காட்ட ஆளில்ல" என்றாள் அம்மா.

சிரட்டைக் கரியைக் கனலவிட்டுச் சட்டியில் அள்ளினோம். அம்மா சாம்பிராணியைத் தாராளமாகவே தூவினாள். புகை வீணாய்ப் போகாதபடி வாசல் சாக்கையும் இறக்கிவிட்டு, பை பையாக, தொட்டில் தொட்டிலாகப் போவதுபோல் காட்டிக்கொண்டு போனாள். இருமிக்கொண்டே வெளியே வந்தோம். அத்தை வரும்வரை ஒவ்வொரு பின்னேரமும் இது நடந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அத்தை பாஸ்போட்டோடு வந்து, அதை அலுமாரியின் அடித்தட்டில் சேலைகளுக்குக் கீழே வைத்தாள். "இனி இது தூங்கட்டும்" என்றாள். பிறகு கொட்டிலுக்குப் போனாள்.

காளான்கள் வளர்ந்துதான் இருந்தன, கோணல்மாணலாக. காம்பு நீண்டு, குடை விரியாமல் சுருண்டு, ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தன. அத்தை ஒவ்வொரு பையாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய சாக்கை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். வாசனை பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். மூலையில் நாங்கள் மறந்துவிட்டு வந்த சாம்பிராணிச் சட்டி இருந்தது. அதை எடுத்து, கரியைப் பின்பக்கத் தேயிலைச் செடிகளுக்குள் கொட்டி, கழுவி, சமையல்கட்டில் அதன் இடத்திலேயே கொண்டுபோய் வைத்தாள்.

"என்னா புள்ள ஆச்சு?" என்று அம்மா பதறிக்கொண்டு வந்தாள்.

"வித்து சரியில்ல அண்ணி. ஏமாத்திட்டானுங்க."

வித்துக் கொடுத்தவனை அம்மா அன்று விளக்கு வைக்கும்வரை திட்டினாள். நானும் கூடமாட உதவினேன்.

மேட்ச் முடிந்தது. ஹோட்டல்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். புதுப் பைகளுக்குக் கையில் ஒன்றும் இல்லை. அலுமாரியின் அடித்தட்டில் தூங்கியது எழுந்துகொண்டது.

புறப்படும் நாள் காலையில் அத்தை அம்மாவிடம் சொன்னாள்: "கொட்டில நீங்கதான் பாத்துக்கணும், அண்ணி. சாம்பிராணி காட்டுறதுன்னா மட்டும் அங்க தண்ணிப் பீலிக்கிட்ட நின்னே காட்டுங்க. காளானுக்குத் தூரத்துல இருந்துதான் காட்டணுமாம். குண்டசாலை மிஸ் சொன்னாங்க."

குண்டசாலை மிஸ்ஸுக்குச் சாம்பிராணி என்ற சொல்லே தெரிந்திருக்காது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. அம்மா அத்தைக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். எதைச் சொன்னாலும் பத்துக் கேள்வி கேட்கிறவள், ஒன்றுகூடக் கேட்கவில்லை. வாழையிலையை மடித்த கை அப்படியே நின்றது. பிறகு பொட்டலத்தைக் கட்டி முடித்து, "சரி" என்றாள். த்ரீவீல் கிளம்பும்போது அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அப்பாதான் நேரமாகிறது என்று சொல்லிப் பிரித்துவிட்டார்.

அத்தை குவைத்தில் இருந்த இரண்டு வருடமும் கொட்டிலை அம்மா பார்த்தாள். விடியும் முன் சாக்குகளை நனைத்துவிட்டு மலைக்குப் போனாள். பழைய பைகளைக் கழித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப் பைகள் போட்டாள். லயத்தில் இப்போது அவளைப் பிம்மல் அண்ணி என்றார்கள். அவள் சிரிக்கவில்லை. வியாபார ருசி கண்டுவிட்டாள் என்று அப்பா சொன்னதை நானும் நம்பினேன்.

அத்தை வந்தபோது தொழில் அவளுக்காகக் காத்திருந்தது. அதன்பிறகு அவள் எங்கும் போகவில்லை. இப்போது மூன்று கொட்டில்கள் இருக்கின்றன. போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தேன். வேலைக்கு வந்திருந்த பெண் கொட்டிலுக்குள் கொசு விரட்ட நுளம்புத்திரி கொளுத்திவிட, அத்தை ஓடிப்போய் அணைத்தாள். "பொகை பட்டா காளான் கோணிப் போயிரும், புள்ள. மொத நாள் வகுப்புலயே சொல்லித் தந்தது" என்றாள். பக்கத்தில் அம்மா கூடை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தலை நிமிரவில்லை. அத்தையும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

எனக்கு ஒரு பழைய வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. அத்தை குவைத்தில் இருந்த காலம். அம்மா பீலிக்குப் பக்கத்தில் நின்று, சட்டியைக் கொட்டிலின் திசைக்கு உயர்த்தி, சாமிப்படத்துக்கு முன் நிற்பதைவிட அதிக நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். காற்று புகையைக் கீழே ரோட்டுப் பக்கம் அடித்துக்கொண்டு போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, பொகை அங்க போகவே இல்லையே" என்றேன்.

"போகக் கூடாது" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

குண்டசாலை மிஸ் சொன்னதை அம்மா எவ்வளவு சரியாக நினைவு வைத்திருக்கிறாள் என்று நான் அன்று நினைத்துக்கொண்டேன்.